முள் அறிந்து வெட்டுதல்

அரோவானாவின் வாலில் ஒரு முள் ஒடிந்து கோணலாக ஆறிவிட்டால் மீனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீந்தும், தின்னும், தண்ணீர் மேல் ஒரு கரப்பான்பூச்சி விழுந்தால் பழைய வேகத்திலேயே பாயும். குறையெல்லாம் பார்க்கிறவர் கண்ணில்தான். விரிந்து நிற்க வேண்டிய வாலில் ஓரிடம் மட்டும் மடங்கியிருப்பதை ஒருமுறை கவனித்துவிட்டால், அப்புறம் அந்தத் தொட்டியில் வேறெதுவும் தெரியாது.

சிங்கப்பூரில் இதைச் சரிசெய்வதற்கென்றே வீடு தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே வளர்ப்பது ஆசிய அரோவானா. அதிலும் ‘சூப்பர் ரெட்’ எனப்படும் சிவப்பு வகையின் பூர்வீகம் மேற்குக் கலிமந்தானின் கப்புவாஸ் ஆறு. 1975 முதல் இந்த இனம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டு மீனைப் பிடித்து நாடு விட்டு நாடு விற்க முடியாது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் உள்ள மீனைத்தான் விற்கலாம். நம் ஊரில் வாஸ்து மீன் என்று வாங்கி வைப்பது பெரும்பாலும் தென்னமெரிக்க வெள்ளி அரோவானா. அது வேறு இனம், விலையும் வேறு. சிப் வைத்த மீனுக்கு வால் கோணினால் ஆள் கூப்பிடுவது ஏன் என்பது அந்த விலையைக் கேட்டவருக்குப் புரியும்.

ஆனால் நான் ரசிப்பது விலையை அல்ல, அந்த ஆளின் கையை.

வேலைக்கு முந்தின நாள் மீனுக்குத் தீனி கிடையாது. அளந்து எடுத்த தண்ணீரில் மயக்க மருந்து கலப்பார். சிலர் எம்.எஸ்.222, சிலர் கிராம்பு எண்ணெய். மீன் முதலில் சற்று முரண்டும், பிறகு சாயும், கடைசியில் வயிற்றைக் காட்டிப் புரளும். அவர் பார்ப்பது செவுளை மட்டும்தான். செவுள் மூடியின் அசைவு மெதுவாகி, ஆனால் நின்றுவிடாமல் இருக்கும் ஒரு கட்டம் உண்டு. வாலடியை விரலால் அழுத்துவார். துள்ளல் இல்லையென்றால் எடுத்து ஈரத் துண்டில் கிடத்தி, கண்ணை ஈரத்துணியால் மூடி, செவுள் மேல் தண்ணீர் சொட்ட விட்டுக்கொண்டே இருப்பார். கத்தரிக்கோலுக்கு இருக்கும் வேலை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மிச்ச நேரம் முழுக்க மீனைத் திரும்ப எழுப்புவதற்கு. நிமிர்த்திப் பிடித்து, வாயைப் புதுத் தண்ணீரின் ஓட்டத்துக்கு எதிரே காட்டி, அது தானாகச் செவுளை விரிக்கும்வரை கையை எடுக்க மாட்டார்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் இருக்கிறது தேர்ச்சி. துடுப்பின் முள் ஒரே எலும்பு அல்ல. எதிரெதிரே கவிந்த இரண்டு மெல்லிய அரைக்குழாய்கள். நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும். மூங்கிலைப் போல நீளவாக்கில் கணுக்கணுவாகப் பிரிந்திருக்கும். நுனியை நெருங்கும்போது ஒவ்வொரு முள்ளும் இரண்டாகக் கிளைக்கும், சில இடங்களில் மறுபடியும் கிளைக்கும். மீன் வளர வளர நுனியில் புதுக்கணு கூடிக்கொண்டே போகும். திரும்ப இடமில்லாத குறுகிய தொட்டியில் கண்ணாடியில் மோதி ஒடிந்த முள், ஒடிந்த இடத்தில் முடிச்சு விழுந்து கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். அந்த முடிச்சுக்கு வெளியே வெட்டினால் கோணலிலிருந்தே மறுபடி வளரும். முடிச்சுக்கு உள்ளே, உடம்புப் பக்கமாக, முள் நேராக இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். அதற்காக ஒரேயடியாக உள்ளே போய்விடவும் கூடாது. செதில் மூடிய வாலடிக்குள் கத்தி இறங்கினால் போனது போனதுதான், வராது. மீனையும் காயத்தையும் பொறுத்து அந்த இடைவெளி சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

இதில் கற்றுக்குட்டியைச் சட்டென்று காட்டிக்கொடுப்பது கிழிசல். இரண்டு முள்ளுக்கு நடுவே தோல் கிழிந்திருந்தால் அவர் கை துறுதுறுக்கும். தேர்ந்தவர் அதைத் தொடவே மாட்டார். முள் நேராக இருந்தால் தோல் நல்ல தண்ணீரில் தானே கூடிவிடும். ஒருவர் தொடாமல் விட்ட வால்களையும் பார்த்த பிறகுதான் அவருடைய திறமையை எடைபோட முடியும் என்பது என் கணக்கு.

கத்தரிக்கோல் வாலுக்கு வடிவம் கொடுப்பதில்லை. கொடுப்பது மீன். மீனின் வெட்டிய துடுப்பு மறுபடி வளரும் என்பதைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் புரூசோனே 1786-லேயே எழுதிவிட்டார். அதைவிட வியப்பானதை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ஹன்ட் மார்கன் செய்து பார்த்தார். பின்னாளில் பழ ஈக்களை ஆராய்ந்து 1933-ல் நோபல் பரிசு பெற்ற அதே மார்கன். மீன் வாலைச் சாய்வாக வெட்டிப் பார்த்தார். சாய்வாக வெட்டினால் சாய்வாகத்தானே வளர வேண்டும்? வளரவில்லை. ஆழமாக வெட்டிய பக்கம் வேகமாக வளர்ந்தது, நுனியோரம் வெட்டிய பக்கம் நிதானமாக வளர்ந்தது. வால் பழைய உருவத்துக்கே திரும்பியது. எவ்வளவு இழந்தோம் என்பது ஒவ்வொரு முள்ளுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்றைய சோதனைக்கூடங்களில் இதற்கு வரிக்குதிரை மீனைப் பயன்படுத்துகிறார்கள். சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் ஜீப்ரா என்று சல்லிசாகக் கிடைக்கும் அதே கங்கைச் சமவெளி மீன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரே நாளில் காயத்தின் மேல் தோல் மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் வெட்டுவாயில் புது உயிரணுக் குவியல் எழும். சில வாரங்களில் வால் பழையபடி நிற்கும். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே மீனின் வாலை 27 முறை வெட்டியும் வளரும் திறன் குறையவில்லை. எவ்வளவு வளர வேண்டும் என்ற இந்த அளவுக்கணக்கில் முள்ளின் உயிரணுக்களில் உள்ள பொட்டாசியம் வாயில்களுக்குப் பங்குண்டு. அவற்றில் மரபு மாற்றம் நேர்ந்தால் துடுப்பு அளவு தெரியாமல் நீண்டுகொண்டே போகும். கடையில் பார்க்கும் நீளத்துடுப்பு ஜீப்ரா அப்படி வந்ததுதான்.

அரோவானாவில் புதிதாக வரும் பகுதி முதலில் கண்ணாடி. நிறமே இருக்காது. பழைய சிவப்பு ஒரு கோட்டில் நின்றுபோக, அதற்கு அப்பால் விளக்கொளி ஊடுருவும் வெறும் தோலும் அதற்குள் நூலிழையாகப் புது முட்களும் தெரியும். நிறம் பின்னால்தான், அடியிலிருந்து மெல்ல ஏறி வரும். வால் முழுசாக வந்த பிறகு பார்ப்பவர்கள் இந்த நாட்களைத் தவறவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த இடைக்காலம்தான்.

வெட்டி வளர்ந்த வாலைக் கண்டுபிடிக்க முடியுமா? சில சமயம் முடியும். முட்கள் கிளைக்கும் இடத்தைப் பாருங்கள். வரிக்குதிரை மீனில், கிளைக்கும் இடத்தை ஒட்டி வெட்டினால் புது முள் இன்னும் நுனிப்பக்கம் தள்ளிப்போய்க் கிளைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். உருவம் திரும்பினாலும் கணக்கு அப்படியே திரும்புவதில்லை.

அரோவானாவின் வாலை வெட்டும் இதே ஆட்கள் வேறு வேலைகளும் செய்வார்கள். கீழ்நோக்கிச் சரிந்த கண்ணை மேலே தள்ளி நிறுத்துவது, வெளியே சுருண்ட செவுள் மூடியின் ஓரத்தை நறுக்குவது. செவுள் சுருளலை நறுக்குவதில் மீனுக்கும் ஏதோ நன்மை இருக்கலாம். கண் சீரமைப்பை என்னால் ரசிக்க முடியவில்லை. வாலை வெட்டும்போது மீனிடமே பொறுப்பை ஒப்படைக்கிறோம். கண்ணில் அப்படி ஒப்படைக்க ஒன்றுமில்லை. மீனுக்கும் வலி உணரும் நரம்புகள் உண்டென்று 2003-ல் லின் ஸ்னெடனும் சகாக்களும் டிரவுட் மீனில் காட்டிய பிறகு, மயக்கம் கொடுக்காமல் எதையும் வெட்டுகிறவரிடம் பேச்சே இல்லை.

வாலை வளரவிடும் இந்த வேலைக்கு நேர் எதிரான கலையொன்று ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் இருக்கிறது. ஜிகின் என்ற தங்கமீன். பின்னாலிருந்து பார்த்தால் வால் பெருக்கல் குறியாகத் தெரியும். வெள்ளை உடம்பில் வாயும் செவுள் மூடியும் துடுப்புகளும் மட்டும் சிவக்க வேண்டும் என்பது இலக்கணம். அப்படி இயல்பாகப் பிறப்பது அரிது. ஆகவே குஞ்சுப் பருவத்தில், நிறம் நிலைப்பதற்குள், வேண்டாத இடத்துச் செதில்களைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். உமே என்ற ஜப்பானியப் பிளம் பழத்தின் புளிக்காடி தடவுவதும் உண்டு. மீண்டும் முளைக்கும் செதில் வெள்ளையாக வரும். சிங்கப்பூர்க் கத்தரிக்கோல் மீனின் நினைவை நம்புகிறது, ஐச்சியின் கை அதை மறக்கடிக்கிறது. பொறுமையில் ஐச்சிக்காரர்கள் ஒரு படி மேல். ஆனாலும் என் மனம் சிங்கப்பூர்ப் பக்கம்தான் சாய்கிறது.

நம் ஊரில் கத்தரிக்கோல் அதிகம் தேடப்படுவது ஃபைட்டர் மீனுக்கு. அதிலும் வால் 180 டிகிரி விரியும் ஹாஃப்மூனுக்கு. அந்த வாலைச் சுமந்து நீந்துவதே அதற்குப் பெரும்பாடு. சில மீன்கள் திரும்பித் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் அரை வட்டத்தில் ஒரு வாய் அளவுக்குக் காணாது. ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று இதில் கத்தரிக்கோலை வைப்பது வீண். வளர்ந்ததும் மறுபடி கடிக்கும். தண்ணீரை ஒழுங்காக மாற்றிவிட்டு, பக்கத்துத் தொட்டிக்காரன் கண்ணில் படாமல் ஓர் அட்டையைச் செருகி வையுங்கள். அப்படியும் கடித்தால் அடுத்த முறை குட்டை வால் பிளாகட்டை வாங்குங்கள். அழகில் அது ஒன்றும் குறைச்சல் இல்லை, எட்டிக் கடிக்க அதற்கு வாலும் இல்லை.