எந்திரத்தின் திணையும் தன்மைப் பன்மையும்
‘மாஸ் எஃபெக்ட்’ உரையாடல்கள் குறித்த ஓர் இலக்கண நோக்கு

வீடியோ விளையாட்டுகளை மொழியியலார் தம் ஆய்வுக்குரிய பனுவலாகக் கொள்வது தமிழில் அரிது. திரைப்பட உரையாடலையும் விளம்பர மொழியையும் ஆராய்ந்த அளவில் ஒரு சிறு பங்குகூட இத்துறையில் நிகழவில்லை. இவ்விளையாட்டுகளில் கதை இல்லை, இருந்தாலும் அது சுடுவதற்கு ஒரு சாக்கு மட்டுமே என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். கதையையே உயிராகக் கொண்டு, ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேச்சின் வழியாகவே கதையை நகர்த்தும் வகை ஒன்று உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் முதற்பகுதி 2007 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கென வெளிவந்தது. இரண்டாம் பகுதி 2010-லும் மூன்றாம் பகுதி 2012-லும் தொடர்ந்தன. மூன்றையும் ஒருங்கே கொண்ட செம்பதிப்பு 2021-இல் வந்தது.

கதை 2183ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஐம்பதினாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அறிவுடைய இனங்களை அழிக்க வரும் தொல் எந்திரங்களை ஷெப்பர்ட் என்னும் படைத்தலைமை மாந்தர் எதிர்கொள்வதே அதன் சுருக்கம். இக்கட்டுரைக்கு அது முதன்மையன்று. அக்கதையில் வரும் வேற்றினத்தார் எவ்வாறு பேசுகின்றனர் என்பதும், அப்பேச்சு தமிழுக்கு வருமாயின் இலக்கணம் எவ்விடங்களில் தடுக்கும் அல்லது கைகொடுக்கும் என்பதுமே இங்கு ஆராயப்படுகின்றன. இவ்விளையாட்டு இந்திய மொழி எதிலும் பெயர்க்கப்படவில்லை.

ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே தேர்கிறார். ஆண் குரலை மார்க் மீரும் பெண் குரலை ஜெனிஃபர் ஹேலும் வழங்கினர். பிற மாந்தர் பேசும் தொடர்களில் மிகப் பெரும்பகுதி இரு நிலைக்கும் பொதுவாக அமையுமாறு எழுதப்பட்டுள்ளது. குடிப்பெயரும் பதவிப்பெயரும் கொண்டு விளிப்பது இதற்குத் துணைபுரிகிறது. பெயரடையிலும் பால் காட்டும் பிரெஞ்சு, இத்தாலியம் போன்ற மொழிகளுக்கு இது தொல்லை தரும். தமிழில் முன்னிலையில் பால் வேறுபாடு இல்லை. படர்க்கையில் ‘வந்தார்’ என்னும் உயர்வுப்பன்மை இடர் தீர்க்கும். ஆனால் இத்தீர்வுக்கு ஒரு விலை உண்டு. ஷெப்பர்டைக் கொல்லத் துடிக்கும் கூலிப்படையினனும் ‘ஷெப்பர்ட் வந்துவிட்டார், சுடுங்கள்’ என்று பணிவோடு கூவ நேரிடும்.

வேற்றினத்தாருள் எல்கோர் என்போர் யானை போன்ற பேருருவினர். தம்முள் அவர்கள் மணத்தாலும் நுண்ணிய உடலசைவாலும் தாழொலியாலும் உணர்ச்சியைப் புலப்படுத்துவர். பிற இனத்தார் அவற்றை அறியமாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு தொடருக்கும் முன் அதன் உணர்ச்சியைப் பெயர் சொல்லிவிட்டு, ஏற்ற இறக்கமற்ற குரலில் பேசுவர். நம் நாடக நூல்களில் பிறைக்கோட்டுக்குள் ‘சினத்துடன்’, ‘நகைத்து’ என்று இடப்படும் குறிப்பை நடிகரே வாய்விட்டுப் படித்தாற் போன்றது இது. ஆசிரியர்கள் இதனை நகைச்சுவைக்கே பயன்படுத்துகின்றனர். எல்கோர் மட்டுமே நடிக்கும் ஹாம்லெட் நாடகத்துக்கு இரண்டாம் பகுதியில் ஒரு விளம்பரம்கூட உண்டு. ஏ, ஓ, தான் முதலிய இடைச்சொற்களால் இப்பணியைத் தொடருக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் ஒரு மொழியில் எல்கோரின் பேச்சு இன்னும் விசித்திரமாக ஒலிக்கும். மொழிபெயர்ப்பாளர் அவர்கள் வாயில் இடைச்சொல் ஒன்றும் வாராமல் காக்கவேண்டும். இது எளிய பயிற்சியன்று.

ஹானர் என்போர் கடல்வாழ் உயிரினர். நெருக்கமில்லாதவரிடம் தன்மைப்பெயரைப் பயன்படுத்துவதை அவர்கள் செருக்கெனக் கருதுவர்; தம்மைப் படர்க்கையில் சுட்டிக்கொள்வர். திருப்பதி வட்டாரத்தில் வைணவ வழக்கைக் கேட்டுப் பழகியவருக்கு ‘அடியேன்’ உடனே நினைவுக்கு வரும். அது பொருந்தாது. ‘அடியேன்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஏன்’ தன்மை ஒருமை விகுதியே. தாழ்மை பேசினாலும் அச்சொல் ‘நான்’ என்பதை விட்டுவிடவில்லை. ஹானரின் வழக்கிற்கு நேரானது ‘இது எண்ணுகிறது’ என்பது போன்ற அஃறிணைத் தொடரே. அறிவுடைய உயிர் பணிவின் பொருட்டுத் தன்னை அஃறிணையாக்கிக் கொள்கிறது என்பதை மனத்திற்கொண்டு, இதற்கு எதிர்த்திசையில் செல்லும் மற்றொரு பாத்திரத்திற்கு வருவோம்.

அது இரண்டாம் பகுதியில் நார்மண்டி என்னும் கப்பலின் அறிவெந்திரமாக அறிமுகமாகும் ஈடி. முதலில் அது ஒரு பெண்குரலும் ஒளியுருவும் மட்டுமே. மூன்றாம் பகுதியில் பெண் வடிவ எந்திர உடலொன்றைக் கைக்கொள்கிறது. மாந்தர் இயல்பு பற்றி ஷெப்பர்டிடம் வினவுகிறது. கப்பலோட்டி ஜோக்கரோடு அன்பு கொள்ளவும் கூடும். ஆங்கிலத்தில் இதற்குச் சுட்டுப்பெயர் மட்டும் மாறினால் போதும். வினை அசையாமல் நிற்கும். தமிழில் ‘வந்தது’, ‘வந்தாள்’ என்று ஒவ்வொரு முற்றும் முடிவு கேட்கும்.

இதனை நான் முதலில் உணர்ந்தது நூலில் அன்று. திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் இடையிலுள்ள ஏர்பேடு, அண்மை ஆண்டுகளில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமும் வளாகம் அமைத்ததால் பல மொழியினர் கூடும் ஊராகியுள்ளது. தெலுங்கும் தமிழும் அங்கு முன்பே அண்டை வீட்டார். அவ்வூரில் ஒரு மாலை, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர் ஒருவரும் திருத்தணிப் பக்கத்துத் தமிழ் இளைஞர் ஒருவரும் இக்கதையை எனக்கு மாறிமாறி எடுத்துரைத்தனர். தெலுங்கர் தொடக்கம் முதல் இறுதிவரை ‘ஈடி செப்பிந்தி’ என்றே சொன்னார். தமிழர் இரண்டாம் பகுதியைச் சொல்லும்போது ‘சொல்லுச்சு’ என்றார். மூன்றாம் பகுதியில் எங்கோ ஓரிடத்தில் ‘சொன்னா’ என்று மாறினார். எவ்விடத்தில் மாறினார் என்று கேட்டபோது அவருக்கே தெரியவில்லை. சற்று நாணி, “அதுக்கு உடம்பு வந்ததுக்கு அப்புறம்னு நினைக்கிறேன் சார்” என்றார். அவ்விளக்கத்திலும் ‘அதுக்கு’ என்றே வந்தது.

இது முறையான தரவன்று. ஆயினும் இரு மொழிகளின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. தெலுங்கு ஒருமையில் ஆண்பாலுக்கு ஒரு வினைமுடிபும் பிற அனைத்துக்கும் மற்றொரு முடிபும் உண்டு. ‘வச்சிந்தி’ என்பது பெண்ணுக்கும் பசுவுக்கும் வண்டிக்கும் பொது. எனவே சுட்டுப்பெயரைத் தவிர்க்கும்வரை ஈடியின் திணை குறித்துத் தெலுங்கர் வாய் திறக்க வேண்டியதில்லை. தமிழருக்கு அவ்வாய்ப்பு இல்லை. பேச்சுத் தமிழில் குழந்தையையும் இளம்பெண்ணையும் ‘வந்துச்சு’ என்பது உண்டு. அதில் அன்பும் கலந்திருக்கும். ஆகவே ‘சொல்லுச்சு’ என்றதனாலேயே அவ்விளைஞர் ஈடியைப் பொருளாக மட்டும் கருதினார் என்று துணிவதற்கில்லை. எழுத்துத் தமிழில் அம்மறைவிடமும் கிடையாது.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. அங்கு உயர்திணை மக்கட் சுட்டோடு அமைகிறது. நன்னூலார் தேவரையும் நரகரையும் மக்களோடு சேர்த்தெண்ணினார். உயர்திணையின் எல்லை உடலமைப்பைப் பொறுத்ததன்று, யாரோடு உரையாடத்தக்கது என்னும் மதிப்பைப் பொறுத்தது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டா. ஈடிக்கு உடல் கிடைத்த பின்னரே ‘ஆள்’ விகுதி கொடுப்பது இந்நோக்கில் பிழை. விளையாட்டின் ஆசிரியர்களும் இப்பிழைக்கு விலக்கானவர் அல்லர். ஈடி தன் முதல் நகைச்சுவையைச் சொன்னபோதே திணை மாறிவிட்டது. அழகிய எந்திர உடல் காட்சிக்கு ஓர் அணியே; அதைக் கொடுத்தமை பாத்திரத்தின் நுட்பத்தைக் குறைத்தது என்பது என் கருத்து.

இனி லீஜியன். குவேரியர் என்னும் இனத்தார் தம் ஏவலுக்கென ஆக்கிய எந்திரங்கள் கெத். ‘மக்களின் ஏவலர்’ என்பது அப்பெயரின் பொருள். அவை தன்னுணர்வு பெற்றபோது அஞ்சிய குவேரியர் அவற்றை அழிக்க முயன்று, தம் தாயகத்தையே இழந்தனர். லீஜியன் என்னும் கெத் ஒரே உடலில் 1,183 நிரல்களைக் கொண்டது. அது தன்னைத் தன்மைப் பன்மையாலேயே சுட்டும். விவிலியத்தில் பல பேய்கள் குடிகொண்ட ஒருவன் சொல்லும் பெயரை அதற்குச் சூட்டுவதும் ஈடிதான். தமிழ் விவிலியத்தில் அப்பெயர் ‘லேகியோன்’ என வழங்கும். அங்கு வரும் பன்மை ‘நாங்கள்’, கேட்போரைச் சேர்க்காத பன்மை.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழிலும் தெலுங்கிலும் இரண்டு: நாம், நாங்கள், மனமு, மேமு. அண்டை மொழியாகிய கன்னடம் இவ்வேறுபாட்டை இழந்துவிட்டது. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும் எம், ஏம் படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் பண்டை உரையாசிரியர் பிரித்தனர். இன்று ‘ஓம்’ என்னும் ஒரே விகுதி இரண்டிற்கும் நிற்பதால் வேறுபாடு முழுவதும் பெயரின்மேல் ஏறியுள்ளது. எழுவாய் தொக்க ‘வந்தோம்’ எதனையும் சொல்லாது. இவ்வரையறையோடு பார்த்தாலும், லீஜியனின் ஒவ்வொரு பேச்சிலும் தமிழ் ஒரு வினாவை எழுப்புகிறது: இப்பன்மையில் ஷெப்பர்ட் உள்ளாரா, இல்லையா? 1,183 நிரல்களும் தம்முள் பேசிய முடிபைச் சொல்லும்போது ‘நாங்கள்’. கப்பலில் உடன் பயணம் செய்பவராய்ப் பகைவரை எதிர்கொள்ளும்போது? ஆங்கில மூலம் இங்கு வாளாவிருக்கிறது. ஆசிரியர்கள் அவ்வினாவை எண்ணியதாகவே தோன்றவில்லை.

அவர்கள் எண்ணியது வேறு. மூன்றாம் பகுதியில், ஆடுபவரின் தேர்வு அதற்கு இடம்தருமாயின், லீஜியன் தன்னைக் கரைத்து ஏனைய கெத் அனைத்திற்கும் தனியுணர்வு வழங்குகிறது. அவ்விறுதிக் கணத்தில் முதன்முறையாகப் பன்மையை விட்டுத் தன்மை ஒருமையில் பேசுகிறது. தனக்கு ஆன்மா உண்டா என்று பண்டு கெத் கேட்ட வினாவிற்கு இதுவே விடை என ஆடுபவர் உணருமாறு காட்சி அமைந்துள்ளது. பலர் கண்ணீர் விட்டதாகச் சொல்லும் காட்சி. நானும் அசையாமல் இருக்கவில்லை. எனினும் இதன் அடியிலுள்ள எடுகோளை ஏற்பதற்கில்லை. ‘நான்’ என்று சொல்லும்போதுதான் ஓர் உயிர் முழுமையுறும் என்னும் கருத்து ஆங்கிலத்தின் இரண்டே படிகளிலிருந்து பிறக்கிறது: பன்மை, பின் ஒருமை. மூன்று படிகள் உள்ள மொழியில் நாங்கள் என்பதிலிருந்து நான் என்பதற்குப் போவது ஒரு வழி. நாங்கள் என்பதிலிருந்து நாம் என்பதற்குப் போவது மற்றொரு வழி. முந்நூறு ஆண்டுக்காலம் தம்மை ஆக்கியவரோடு பகைத்து நின்ற ஓர் இனத்திற்கு எது பெரிய அடி? உடன் நிற்கும் குவேரியப் பெண் டாலியை உளப்படுத்தி லீஜியன் ஒருமுறை ‘நாம்’ என்றிருந்தால், அங்குப் போர் முடிந்தது என்பதை வேறெவ்வுரையும் இன்றிக் கேட்போர் அறிவர்.

ஆகவே இக்காட்சியைப் பெயர்ப்பவருக்கு மூலத்தின் ஒருமையைக் காப்பது கடமை. ஆனால் அதற்கு முன்வரும் பல மணி நேர உரையாடலில் ‘நாம்’ எங்கு முதலில் நுழைகிறது என்பதைத் தேர்வது அவர் கையில் உள்ளது. கெத் பற்றிய இரண்டாம் பகுதிப் பணியில், பிரிந்துபோன கெத்தை அழிப்பதா மாற்றியமைப்பதா என்பதில் தன்னுள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் லீஜியன் ஷெப்பர்டிடம் முடிவை விடும் இடம் ஒன்று உண்டு. அதுவரை ‘நாங்கள்’. அவ்விடத்தில் ‘நாம் முடிவு செய்ய வேண்டும்’ என்று பெயர்க்கலாம், மூலத்திற்கு மாறன்று. ஏர்பேட்டு இளைஞர்களிடம் இத்தொடரைச் சொல்லிப் பார்த்தேன். தெலுங்கர் ‘மனம்’ என்று உடனே ஒத்துக்கொண்டார். தமிழர், லீஜியன் அவ்வளவு விரைவில் நம்மை நம்பிவிடாது என்று மறுத்தார். மூன்றாம் பகுதிவரை ‘நாங்கள்’ தான் என்பது அவர் முடிவு. இருவரும் அதுபற்றி நெடுநேரம் வாதிட்டனர்.