பூதராஜன் தந்த வரமும் விமர்சகர் கையில் துலாக்கோலும்

‘கூபி காய்ன் பாகா பாய்ன்’ என்னும் வங்கத் திரைப்படம் 1969ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் வெளியாயிற்று. தம் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1915இல் ‘சந்தேஷ்’ சிறுவர் ஏட்டில் எழுதிய கதையை, மைந்தன் சந்தீப்பின் விருப்பத்திற்கிணங்கச் சத்யஜித் ராய் படமாக்கினார். வங்கத்துப் பிள்ளைகள் அதன் பாடல்களை வீதிதோறும் பாடினர். படம் பல மாதங்கள் ஓடிற்று. 1968ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்கம் ஆகிய இரண்டும் அதற்கே கிட்டின.

ஆயினும் இலண்டன் நாளேடுகள் சில முகம் சுளித்தன. அன்றாட வாழ்வில் கவிதை காணும் ராய், முழுக் கற்பனையில் இறங்கியதும் வெறும் உரைநடையாகிவிட்டார் என்பது ஒரு தீர்ப்பு. நெளியாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கே இப்படம் ஏற்கும் என்பது மற்றொன்று. இத்தீர்ப்புகள் முறையானவைதாமா?

உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டையும் சேர்த்தே புலனெறிக்கு அடிப்படையாக்கினார் தொல்காப்பியர். புனைவை உண்மைக்குத் தாழ்ந்ததாக அவர் வைக்கவில்லை. ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) அளந்த கோலால் பூதக் கதையையும் அளக்கப் புகுந்ததே அவ்விமர்சகர்களின் குறை.

கதை எளியது. பாடத் தெரியாத கூபியும் மேளம் கொட்டத் தெரியாத பாகாவும் கழுதை மேலேற்றி ஊரைவிட்டுத் துரத்தப்படுகின்றனர். மூங்கிற்காட்டில் பூதராஜன் மூன்று வரம் தருகிறான்: கைதட்டினால் உணவும் உடையும், விரும்பிய இடம் செல்லக் காலணி, கேட்டோரைச் சிலையாக நிறுத்தும் இசை. ஒருவன் கையை மற்றவன் கை தட்டினால்தான் வரம் பலிக்கும். தனித்து நின்றால் இருவரும் வெறுங்கையரே. பசி, அலைச்சல், அவமானம் என்னும் ஏழையின் மூன்று துயர்களுக்கு இவையன்றோ மருந்து! பட்டினியால் வாடும் ஹல்லா நாட்டுப் படைவீரர்மேல் வானினின்று இனிப்புப் பானைகள் இறங்க, அவர்கள் படைக்கலத்தை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். போர் நின்றுவிடுகிறது. கற்பனையின் உச்சியில் நிற்கும் இக்காட்சியின் வேர் பசி என்னும் உலகியலிலேயே இருக்கிறது. இதனினும் பெரிய கவிதையை எங்கே தேடுவது?

தமிழர் நெஞ்சு நிமிரத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. படத்தின் புகழ்பெற்ற பூத நடனத்திற்கு ராய் நாடிச் சென்றது நம் தாளவாத்தியக் கச்சேரியை. அரச பூதங்களுக்கு மிருதங்கம், உழவர் பூதங்களுக்குக் கஞ்சிரா, வெள்ளையர் பூதங்களுக்குக் கடம், பருத்த பூதங்களுக்கு மோர்சிங் என நான்கு கருவிகளால் நான்கு வகுப்பினரைப் பேசவைத்தார். ஒரு சொல்லும் இன்றி ஒரு சமுதாயமே அங்கு ஆடி, மோதி, மடிகிறது. நம் மேடைகளில் பக்க வாத்தியமாகவே நாம் கேட்டுப் பழகியவை அங்கே கதைமாந்தராகிவிட்டன.

குறைகள் இல்லாமலில்லை. பிற்பகுதியில் கதை தளர்கிறது. தந்திரக் காட்சிகள் சில எளிமையானவை. பெண் பாத்திரங்கள் ஏறத்தாழ இல்லை. இளவரசியர் முடிவிலேயே வருகின்றனர். பொருள் முடையால் படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு, இறுதிக் காட்சி மட்டும் வண்ணம் பெற்றது. இவை சுட்டத்தக்கனவே, ஆனால் படத்தின் உயிரைத் தொடுவன அல்ல.

1980இல் தொடர்ச்சியாக ‘ஹீரக் ராஜார் தேஷே’ வந்தபோது, கொடுங்கோலைச் சாடும் அங்கதம் என்று விமர்சகர் பலரும் பாராட்டினர். பாராட்டு பொருத்தமே. எனினும், உட்பொருள் ஒன்று தோன்றிய பின்னரே மாயக்கதையை மதிப்போம் என்பது அறிஞர் மனத்தின் பழைய நோய். மாயக்கதை தன்னளவிலேயே மதிக்கத்தக்கது.

பிறமொழி மண்ணில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பாட்டனார் கதையைப் பேரர் ஏந்தினார். அவர் மைந்தரும் அதே வரிசையில் மூன்றாம் படத்தை இயக்கினார். நம் வீட்டுப் பாட்டிமார் சொன்ன வேதாளமும் விக்கிரமாதித்தனும் நம் பிள்ளைகளுக்கு எட்டியுள்ளனரா? ‘இதில் நீதி என்ன?’ என்று கேட்குமுன், கதையை முதலில் சொல்லிவிடுவோம்.