240 என்ற எண்ணை எப்படி வாசிப்பது?

இந்தியாவில் சுமார் 240 கடற்பசுக்கள் இருக்கின்றன. ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் அந்த விலங்கைப் பற்றிய செய்தி எதைத் திறந்தாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தபோதும் இதே எண்தான் சுற்றியது. யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. கவிதையில் ஒரு சொல் இப்படிக் காரணமில்லாமல் வந்து உட்கார்ந்தால் சும்மா விடுவோமா? எண் என்றால் மட்டும் விட்டுடறோம்.

ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிட்டு உள்ளே போய்விடும். கலங்கல் தண்ணியில் அப்புறம் ஒன்றும் தெரியாது. ஆஸ்திரேலியாவில் ஹெலன் மார்ஷ் 1980களில் இதற்கு ஒரு வழி கண்டார். சிறு விமானத்தில் தாழப் பறக்க வேண்டும். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர்; ஒருவர் சொல்வது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. ஒருத்தர் தவறவிட்டதை இன்னொருத்தர் பார்த்தாரா என்பதை வைத்து, இருவருமே தவறவிட்டது எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். நீருக்கடியில் இருந்தவற்றுக்குத் தனித் திருத்தம். எனக்கு இதில் பிடித்ததே, பார்க்காததற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பதுதான். கிடைக்கும் எண்ணோடு பிழையின் அளவும் சேர்ந்தே அச்சாகும்.

நம்ம கடலில் விலங்கே குறைவு, விமானம் கட்டுப்படியாகாது. இப்போது ட்ரோன் விடுகிறார்கள். கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால் வளைந்து வளைந்து விழும் மேய்ச்சல் தடத்தையும் தேடுகிறார்கள். ஆனால் நெடுங்காலமாக நம்பியிருப்பது மீனவரிடம் கேட்பதைத்தான். இந்த ஆய்வு வரலாற்றில் கோயமுத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தமான் கடற்புல் வெளிகளைப் பற்றி 1996இல் ஓர் அறிக்கை வந்தது, கடல் வாசனையே படாத ஆனைகட்டியில் பறவைகளுக்கென்று தொடங்கிய சாலிம் அலி மையத்திலிருந்து. அந்த மையம் இப்போது ஆவுளியா மீட்புத் திட்டத்தை நடத்தும் இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

சிக்கல் கேள்வித்தாளில் இருக்கிறது. கடைசியா எப்போ பார்த்தீங்க, குட்டி இருந்துச்சா, வலையில் சிக்குச்சா? கேட்க எளிமையான கேள்விகள். ஆவுளியா வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. போன மாதம் வலையில் ஒன்று மூச்சுமுட்டிச் செத்திருந்தால் அந்த ஆள் என்ன சொல்வார்? "நாங்க பார்த்ததே இல்ல சார்." உண்மையிலேயே பார்க்காதவரும் இதையேதான் சொல்வார். தாளில் இரண்டும் ஒரே பூஜ்யம்.

இதற்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஒரு பழைய பிரதி இருக்கு. 1741இல் பெரிங்கின் கப்பல் ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒதுங்கியபோது அதில் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் இருந்தார். அங்கே மேய்ந்த பெருங்கடற்பசு, ஆவுளியாவுக்கு நெருங்கிய உறவு. அவர் அதை மாதக்கணக்கில் கரையிலிருந்து பார்த்தார், 1742 ஜூலையில் ஒரு பெட்டையை அளந்தார், தின்னவும் செய்தார். எப்படிக் கொக்கி மாட்டி இழுத்தார்கள், கறி எப்படி ருசித்தது, செத்துக் கிடந்த பெட்டையைத் தேடி ஆண் இரண்டு நாள் கரைக்கு வந்தது எல்லாமே 1751இல் வெளியான அவருடைய லத்தீன் நூலில் இருக்கிறது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 1768க்குள் அந்த இனமும் இல்லை. கொன்றதை மறைக்காததால்தான் நான் அவரை நம்புகிறேன். அவருக்கு மடியில் கனமில்லை; எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

நம் மீனவருக்கும் அதே அளவு நெருக்கமான அறிவு உண்டு. அறிக்கைக்குள் வரும்போது அவர் 'தகவலாளி' ஆகிவிடுகிறார், பேச்சு சதவீதமாகிவிடுகிறது. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. எத்தனை பேர் பேச மறுத்தார்கள், கேட்டவர் யாரோடு போய்க் கேட்டார், காக்கிச்சட்டை கூட இருந்ததா என்பதையும் 240க்குப் பக்கத்தில் போடலாமே.

இப்போது வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை பரிசு தருகிறது. நல்ல ஏற்பாடு. படகிலிருந்தே எடுக்கும் போன் வீடியோக்களில் அவர்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள், அதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும். எல்லாம் பிழைத்துப் போன ஆவுளியாக்கள். செத்தது, கரை ஒதுங்கி அதிகாரிகள் அளவுநாடாவோடு வந்த பிறகுதான் கணக்கில் ஏறும்.