பலா பழையது, மெழுகு புதியது

தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. வாசிக்க வாசிக்க மெட்டு தேயும், மெழுகு இளகும், சுருதி விலகும். அப்போது பழைய மெழுகைச் சுரண்டியெடுத்துவிட்டு, புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து ‘மேளம் கட்டுவார்கள்’. பலாக்குடத்தைத் தொட மாட்டார்கள். மேளம் கட்டியதாலேயே அது பாட்டியின் வீணை இல்லை என்று எவரும் சொன்னதில்லை.

ஓட்டுவதற்கென்றே புதுப்பித்து விற்பனைக்கு நிறுத்திய அம்பாசடர் மார்க் 2 காரையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

முதலில், கை வைக்காமல் விட்ட இடங்கள். உயர்ந்த கூரை, அகன்ற கதவு. வேட்டி தடுக்காமல் ஏறி நிமிர்ந்து உட்காரலாம். முன்னாலும் ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கிறது. மிராசுதார் வீட்டுத் திண்ணையோரம் நின்ற வண்டியின் முகம் இதுதான்.

பானெட்டுக்குள் அதே 1489 சிசி எஞ்சின், ஆர்.சி.யில் உள்ள அதே எண்ணோடு. டைனமோ இருந்த இடத்தில் மட்டும் ஆல்டர்னேட்டர். தேருக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது டைனமோவால் சார்ஜ் ஏற்ற முடியாது, ஹெட்லைட் சிவந்து மங்கும். ஆல்டர்னேட்டருக்கு அந்தச் சோர்வு இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி பழையதே. உள்ளே பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். மூடியைக் கழற்றாதவருக்கு மாற்றம் தெரியாது.

ஐப்பசி மழையில் வெண்ணாற்றங்கரைச் சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடந்தால் டிரம் பிரேக் நனைந்துவிடும், மிதித்து மிதித்துத்தான் காயவைக்க வேண்டும். முன்சக்கரங்களில் டிஸ்க் போட்டால் ஈரம் சீக்கிரம் உதறிப் போகும். மேலே பழைய வீல் கப்பை மாட்டிவிட்டால் வண்டி பழைய வண்டிதான்.

எனக்கு மிகப் பிடித்த நயம் கதவின் அடி விளிம்பில் இருக்கிறது. கண்ணாடியோரம் உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற அங்கே சிறு துளைகள் உண்டு. வயலுக்கு வடிகால் போல, கதவுக்கு அவை. அவசர வேலைக்காரர் பட்டியும் பெயிண்டும் பூசி அவற்றை அடைத்துவிடுவார். வெளியே பளபளப்பு, உள்ளே தேங்கிய நீர், இரண்டு மழைக்காலத்தில் துரு. நல்ல கைகாரர் பெயிண்ட் அடித்தபின் ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்தித் திறந்து வைத்திருப்பார்.

விற்பதிலும் ஒரு நயம் உண்டு. 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது கடந்து மூல உருவில் இருக்கும் வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாம். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் இறங்கலாம். திருவையாறு ஆராதனைக்குக் குடும்பத்தோடு போய்வர வேண்டியவருக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே பொருந்தும். நேர்மையான விற்பனையாளர் இதை விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். கழற்றிய டைனமோ, பாயிண்ட், டிரம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிச் சாவியோடு கொடுப்பார்.

வாங்கப் போகிறவர் பெயிண்டின் பளபளப்பை அப்புறம் ரசிக்கலாம். முதலில் குனிந்து, கதவின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். துளை திறந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்.