வண்ணத்துக்கு எதற்குப் பொழிப்புரை?

ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் 'ஜெஸ்டேஷன்' ஓவியம் 2023 ஆகஸ்டில் மும்பை ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்குப் போனதிலிருந்து வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் புது மவுசு வந்திருக்கிறது. கண்காட்சிக்குக் கண்காட்சி அதே பிந்து எனும் வட்டம், அதே யந்திரக் கட்டங்கள், பக்கத்தில் அதே விளக்கம்: சிவப்பு நெருப்பு, நீலம் நீர், கறுப்பு வட்டம் படைப்பின் மூலம். இதை மரபின் மறுமலர்ச்சி என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பாதையின் கொடையை மறுக்கவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையும், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் ஹரிதாசன் கையிலெடுத்த யந்திர வடிவங்களும் ஐரோப்பிய நிழலிலிருந்து வெளியேற வழிகாட்டின. ரஸாவின் வண்ண ஞானமும் பெரியது.

என் ஆட்சேபம் ஒன்றுதான், பழையதும்கூட. இங்கே வண்ணத்துக்குப் பொருளை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு அதற்குச் செய்ய வேலையே இல்லை.

ஒரு வண்ணம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து வண்ணம்தான் தீர்மானிக்கிறது. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976-ல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரம் என்ற ஒரே அமைப்பை ஆயிரம் முறைக்கு மேல் வரைந்தார். குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைக் கத்தியால் பூசி, பலகையின் பின்புறம் அதன் பெயரையும் தயாரிப்பாளரையும் குறித்துவைத்தார். சாம்பலுக்கு நடுவே துள்ளி முன்வரும் மஞ்சள், ஆரஞ்சுக்கு நடுவே அடங்கிப் பின்வாங்குகிறது. அதற்கு யாரும் பொருள் எழுத வேண்டியிருக்கவில்லை.

அரூப ஓவியர் மோந்திரியானுக்கும் பிரம்மஞான சபைக் கொள்கை இருந்ததே என்பார்கள். இருந்தது. ஆனால் 1944-ல் அவர் இறந்தபோது முடிவுறாமல் நின்ற 'விக்டரி பூகி வூகி'யில், இடம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்த வண்ணக் காகிதத் துண்டுகளும் டேப்புகளும் இன்னும் இருக்கின்றன. மஞ்சளுக்கு எங்கே இடம் என்று எந்தக் கொள்கையும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசிவரை கண்தான் தேடியது.

ரஸாவும் தேடியவர்தான். 1972-ன் 'தபோவன'த்தில் தூரிகை வீச்சில் வண்ணங்கள் மோதிக்கொள்கின்றன. தலைப்பு இல்லாவிட்டாலும் அந்த வெக்கை நம்மைத் தொடும். பிற்காலப் பிந்து ஓவியங்களிலோ வண்ணங்களைப் பஞ்சபூதங்களுக்குப் பங்கிட்டாயிற்று. நீலக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பச்சையை வைத்தால் குலைவது விளக்கவுரை மட்டுமே. ஓவியத்துக்குச் சேதமில்லை. ரஸாவிடமாவது நீண்ட பயிற்சி அந்தக் கட்டங்களைத் தாங்கிப் பிடித்தது. வழிவந்தவர்கள் காம்பஸால் வட்டம் போட்டு, 'பிரகிருதி' என்று பெயர் வைத்ததும் ஓவியம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

மரபு என்ற வாதமும் நிற்காது. யந்திரம் வழிபாட்டுக்கானது. அங்கே வண்ணம் விதிப்படி இருப்பதே முறை. மந்திரமும் பூசையும் அதற்கு உயிர் தருகின்றன. காட்சிக்கூடச் சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு அந்தத் துணை கிடையாது. அது தன் வண்ணத்தாலேயே நின்றாக வேண்டும்.

ஆகவே கண்காட்சிகளின் பரிசுக் குழுவினர் விளக்கத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு ஓவியத்தைப் பார்க்கட்டும். அப்போதும் நிற்பதற்குப் பரிசு கொடுக்கட்டும். நிற்காததை மரபென்று சொல்லி ஓவியக் கல்லூரி மாணவர் முன் வைப்பது பெரிய தீங்கு. சிவப்பென்றால் நெருப்பு என்று முதலிலேயே மனப்பாடம் செய்துவிட்ட மாணவர் சிவப்பைப் பார்க்கவே கற்றுக்கொள்ள மாட்டார்.