பண்டோரா என்னும் பெயர்

திறக்கலாகாததைத் திறந்து தீமையை வருவித்துக்கொள்வோரைக் குறிக்குமிடத்துப் 'பண்டோராவின் பெட்டி' என்னுந் தொடரைப் பன்மொழி எழுத்தாளரும் எடுத்தாளுவர். அத்தொடரிலுள்ள பெட்டி கிரேக்கருடையதன்று. கவிஞர் ஹெசியொட் கூறியது 'பிதொஸ்' என்பதையே. அது தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெருந்தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்னும் அறிஞர் இலத்தீனில் அதனைச் சிமிழ் என எழுதிவிட, உலகம் அதனையே பற்றிக்கொண்டது.

இப்பிழை எளிதில் தீர்வது. பெயரின் பொருளோ அத்துணை எளிதன்று. 'பான்' என்பது எல்லாம். 'டோரொன்' என்பது கொடை. இவ்விரண்டும் தொகையாய் நிற்குங்கால், கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதே வினா. ஏறத்தாழ கி.மு. 700இல் எழுந்த 'வேலைகளும் நாட்களும்' என்னும் நூலில், தேவர் யாவரும் கொடையளித்தமையால் அவள் அப்பெயர் பெற்றாள் என்கிறார் ஹெசியொட். அவர் கூற்றின்படி அவள் கொடை பெற்றவள். மாந்தர்க்குக் கேடாக அனுப்பப்பட்டவள். ஆனால் அதே சொல் நிலத்துக்கு அடைமொழியாய் வருமிடத்து 'எல்லாம் ஈபவள்' என்றே பொருள்படும். பிரித்தானிய நூதனசாலையிலுள்ள, ஏறத்தாழ கி.மு. 460ஐச் சேர்ந்த கிண்ணமொன்றில், அதீனாவும் ஹெபெஸ்டஸும் அணிசெய்யும் அப்பெண்ணின் அருகே 'அனெசிடோரா' என எழுதப்பட்டுள்ளது. கொடைகளை மேலே அனுப்புபவள் என்பது அதன் பொருள். விளைநிலத்துக்கன்றி வேறெதற்கு அது பொருந்தும்? கி.மு. 414இல் அரங்கேறிய அரிஸ்டோபனிஸின் 'பறவைகள்' நாடகத்திலும் பண்டோராவுக்கு ஆட்டுக்கடா பலியிடுமாறு கூறப்படுகிறது. பழிசுமந்த பெண்ணுக்குப் பலியிடுவார் உளரோ?

இச்சான்றுகளைக் கொண்டு, தந்தைவழிச் சமுதாயம் நிலத்தெய்வத்தை இழித்துப் பெண்ணாக்கிற்று என 1903இல் ஜேன் ஹரிசன் என்னும் அறிஞர் வாதித்தார். வாதம் கவர்ச்சியுடையது, எனினும் முற்றும் ஏற்கத்தக்கதன்று. கிண்ணமும் நாடகமும் ஹெசியொட்டுக்கு இரு நூற்றாண்டுக்கு மேற்பட்டுப் பிந்தியவை. பிந்தியதைக் கொண்டு முந்தியதை நிறுவுதல் ஆராய்ச்சிக்கு இழுக்காம். துணிந்து கூறத்தக்கது இதுவே: கிரேக்கர் செவியில் அப்பெயர் இருபொருளும் தந்தது, ஹெசியொட் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தம் கதைக்கு ஆதாரமாக்கினார். மற்றப் பொருளை அவர் முற்றும் மறைத்தாருமல்லர். ஈபவளின் இல்லத்தில் இருத்தற்குரிய தாழி அவர் கதையிலும் இருக்கிறது. அதனின்று வெளிப்படுவதோ தானியமன்று, நோய்.