கடைசி வரிசையிலிருந்து ஒரு கேடிஎச்

கேடிஎச் வான் ஒன்றை வாடகைக்குப் பேசப் போகிறவர்கள் முதலில் ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள். சிலர் குனிந்து ரயரைப் பார்ப்பார்கள். நான் நேரே கடைசி வரிசைக்குப் போய் இடது மூலையில் உட்கார்ந்துவிடுவேன். எந்தக் குடும்பப் பயணத்திலும் வாய் திறந்து முறையிடாத ஆள் அங்கேதான் இருப்பார்: ஒரு சித்தி, ஒரு அம்மம்மா, இல்லாவிட்டால் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி. அந்த மூலையில் ஆறு மணி நேரம் இருக்க முடியுமென்றால் வான் நல்ல வான்.

இந்த ஜூலையில் அதைச் சரியாகச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் என்னோடு படித்து, இப்போது மெல்பேர்ணில் இருக்கும் சிநேகிதி பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வந்தாள். அவர்கள் ஐந்து பேர், வெள்ளவத்தையிலிருந்து நாங்கள் ஐந்து பேர், சாரதி. ஆறு நாளில் கடற்கரையோரமாக மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பே என்று போய்த் தெற்கால் கொழும்புக்குத் திரும்புவது திட்டம். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் மெல்பேர்ணுக்குப் போனபோது, எட்டுப் பேர் இருக்கக்கூடிய கியா கார்னிவல் ஒன்றை எடுத்து, கிரேட் ஓஷன் ரோட்டில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 தொடக்கம் 1932 வரை வெட்டிய 243 கிலோமீற்றர் வீதி அது. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் இருந்தது ஒரு கேடிஎச்சும் இந்தத் தீவின் கரையும்தான்.

வான் தேடத் தொடங்கியதும் சிநேகிதியின் அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், மெல்பேர்ணிலிருந்து தொலைபேசியில் ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

“என்ன வானெண்டாலும் எடு பிள்ளை. வெள்ளை மட்டும் வேண்டாம்.”

நான் ஏன் என்று கேட்கவில்லை. போர் உச்சத்தில் இருந்த வருடங்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளை வான் என்றால் ஒரு வாகனத்தின் பெயர் அல்ல, ஆட்களைக் கடத்துவதன் பெயர். அன்ரியின் ஒழுங்கையில் அப்படி ஏற்றப்பட்ட ஒரு பையன் இன்னும் வரவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். 376 பேர், பெரும்பாலானவர்கள் வவுனியாவுக்கு. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. ஆனாலும் அன்ரியின் குடும்பம் அந்த வருடமே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டது. வாகன விமர்சனத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது ஒரு வாரத் தேடல். வாடகைக்கு ஓடும் கேடிஎச்களில் பெரும்பாலானவை வெள்ளைதான். ஒன்பதாவது அழைப்பில் வெள்ளி நிறத்தில் ஒன்று கிடைத்தது. நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டார்கள். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.

கேடிஎச் என்பது உண்மையில் வாகனத்தின் பெயரே இல்லை. ரொயோட்டா ஹையேஸின் அடிச்சட்ட எண்ணில் வரும் முதல் மூன்று எழுத்து அது. கேடி என்பது டீசல் எஞ்சினின் வரிசை, எச் என்பது ஹையேஸ். பெற்றோல் எஞ்சின் வைத்தது டிஆர்எச். 2017 இறுதியில் ஜப்பானில் வந்த புதிய 2.8 லீற்றர் டீசல் ஜிடிஎச். எங்கள் ஊரில் எல்லாமே கேடிஎச்தான், முந்தைய வடிவத்தை எல்லோரும் டொல்பின் என்றதுபோல. இந்த உடல் 2004இல் வந்தது. 2019இல் முன்மூக்கு வைத்த புதிய ஹையேஸ் வந்த பிறகும் ஜப்பானில் பழைய பெட்டி வடிவத்தை நிறுத்தவில்லை.

நாங்கள் எடுத்தது நீள உடல், ஹைரூஃப், 14 இருக்கை. எஞ்சின் 2,982 சிசி டர்போ டீசல். நீளம் 5.38 மீற்றர், அகலம் 1.88, உயரம் 2.28. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தரிப்பிட வாசலில் 2.1 மீற்றர் என்று எழுதியிருக்கிறது. ஆகவே அதிகாலை நாலரைக்கு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் வானை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஹைரூஃபின் நன்மை உள்ளே ஏறியதும் தெரியும். சாதாரண உயரமுள்ள ஒருவர் கொஞ்சம் தலை குனிந்தால் கடைசி வரை நடந்து போகலாம். ஃப்ளாட் ரூஃப் வானில் வயதானவர்கள் கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் பின்னுக்குப் போகவேண்டும்.

ஆனால் உள்ளே ஏறுவதுதான் சிரமம். இழுவைக் கதவு இடது பக்கத்தில் மட்டும். முதற்படி என் அம்மாவின் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. கைப்பிடி இருந்தாலும், அதைப் பிடித்து உடம்பைத் தூக்கத் தோளில் பலம் வேண்டும். கார்னிவலின் தளம் காரைப்போலத் தாழ்வு. அம்மா அதில் ஏறியிருந்தால் யாரின் கையையும் தேடியிருக்கமாட்டார். கொட்டாஞ்சேனையில் லூசியாஸ் தேவாலயத்துக்குக் கிட்ட அன்ரியை ஏற்றியபோது இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. நீர்கொழும்பில் வானை நிறுத்தி, சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினோம். ஆறு நாளும் அது கதவுக்குப் பின்னால் இருந்தது. இந்தப் பயணத்துக்கு நாங்கள் செய்த செலவில் மிகச் சரியானது அதுதான்.

ஒவ்வொரு நாளும் நான் இடம் மாறி உட்கார்ந்தேன். முன் இருக்கை பார்வைக்கு ராஜ இடம். கண்ணாடிக்கு அப்பால் மூக்கு இல்லாததால் வீதி காலடியில் ஓடி வருகிறது. அந்த இருக்கைக்குக் கீழேதான் எஞ்சின். மதவாச்சியால் மன்னாருக்குத் திரும்பிய மதியத்தில் தொடைக்கடியில் இளஞ்சூடு தெரிந்தது. சாரதிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு வரிசைதான் இந்த வானில் நல்ல இடம்: குலுக்கல் குறைவு, கூரையில் இருக்கும் இரண்டாவது ஏசியின் காற்று நேரே முகத்துக்கு வரும், கதவும் கிட்ட. நடைபாதையில் விரிக்கும் மடிப்பு இருக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஒருவர் இருந்தால், பின்னால் இருப்பவர் இறங்க ஒவ்வொரு தடவையும் அவர் எழும்பவேண்டும்.

கடைசி வரிசைக்கு வருகிறேன். நான்கு பேருக்கான நீள இருக்கை, பின் அச்சுக்கு மேலே. பின்பக்கத்தைத் தாங்குவது வில்லுத் தகடுகள், லொறியில் இருப்பதுபோல. பாரம் தூக்கப் பிறந்த அமைப்பு அது. ஆட்களும் பெட்டிகளும் நிறைந்திருந்தால் அமைதியாகப் போகும். வெறுமையாக இருந்தால் ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லும். பூநகரிப் பக்கம் ஏ32 வீதி நன்றாக இருக்கிறது, அங்கே பிள்ளைகள் தூங்கினார்கள். மட்டக்களப்பில் ஒரு உள்வீதியில், பின்னால் நான் மட்டும் இருந்தபோது, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். பாரத்தை என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி. மெல்பேர்ணிலிருந்து வந்த பெரிய பெட்டிகள் ஐந்தும் எங்கள் பைகளும் கடைசி வரிசைக்குப் பின்னால் அடங்கவில்லை. அந்த இருக்கையில் பாதியைப் பெட்டிகளுக்குக் கொடுத்தோம். வெளிநாட்டு உறவுகளோடு போகிறவர்களுக்கு 14 இருக்கை என்பது 10 பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மன்னார்த் தீவுக்குப் போகும் கடற்பாலத்தில் காற்று பிடித்துக்கொண்டது. ஜூலையில் அங்கே தென்மேல் காற்று ஓயாது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்பதும் அதற்காகத்தான். உயரமான பக்கத்தில் காற்று அறைந்ததும் வான் அரை அடி ஒதுங்கியது. சாரதி அண்ணன் ஒன்றும் பேசாமல் வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தார். ஹைரூஃப் எடுக்கிறவர்கள் பாலங்களில் இப்படி ஓட்டத் தெரிந்த ஆளையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். அடுத்த நாள் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்றுக் குறைந்திருந்தது. அன்ரி கண்ணாடியோடு நெற்றியை வைத்துக்கொண்டு கடல்நீரேரியைப் பார்த்தபடி வந்தார். 2011 ஜனவரியில் அந்தப் பாலம் திறந்தபோது அவர் நாட்டில் இல்லை.

பிள்ளைகளுக்கு வயிறு பிரட்டுவது பற்றி எனக்குப் பெரிய பயம் இருந்தது. கிரேட் ஓஷன் ரோட்டில் லோர்னுக்கும் அப்பலோ பேவுக்கும் நடுவில் மலையும் கடலும் நெருக்கும் வளைவுகளில் கார்னிவலில் இரண்டு தடவை நிறுத்தவேண்டி வந்தது. அது மென்மையான வாகனம், அப்படியிருந்தும். எங்கள் கிழக்குக் கரை வேறு மாதிரி. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ15 வீதி தட்டை நிலத்தில் நேராக ஓடுகிறது; அதை அறுப்பது ஆறுகளும் களப்புகளும் மட்டும். முன்பு கிண்ணியாவில் பாதை என்று சொல்லும் மிதவைக்கு வாகனங்கள் வரிசையில் நிற்கும். 2009 ஒக்ரோபரில் திறந்த 396 மீற்றர் பாலத்தை நாங்கள் அரை நிமிடத்தில் கடந்துவிட்டோம். “இவ்வளவுதானா?” என்று சிநேகிதியின் மகன் கேட்டான். அதே துறையில் தன் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் மூன்று மணி நேரம் நின்ற கதையை அம்மா அவனுக்குச் சொன்னார். வெருகல் வரும்வரை அந்தக் கதை போனது. முன்வரிசையில் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். மணிக்கு 60, 70இல் டீசல் சத்தம் பேச்சை மூடவில்லை. தெற்கு அதிவேகப் பாதையில் நூறைத் தொட்டபோது மூடியது.

இனிப் பாதுகாப்பு. இதில் நான் மென்மையாக எழுதப் போவதில்லை. அவுஸ்திரேலியாவில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை அதற்குரிய இருக்கை இல்லாமல் ஏற்றினால் சட்டக் குற்றம். சிநேகிதி தன் ஐந்து வயது மகளுக்கு உயர்த்தி இருக்கையை விமானத்திலேயே கொண்டு வந்தாள். அது வேலை செய்யத் தோளுக்குக் குறுக்கே வரும் பட்டி வேண்டும். எங்களுக்கு வந்த வானில் அது முதல் வரிசையில் மட்டும்தான் இருந்தது. கடைசி வரிசையில் இடுப்புப் பட்டிகள், அவற்றிலும் இரண்டு இருக்கைக்கு அடியில் புதைந்து கிடந்தன. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் நாங்கள் பார்க்கப் போனதால் உரிமையாளரைக் கொண்டு அவற்றை எடுத்துப் பூட்டவைக்க முடிந்தது. காலையில் வாசலுக்கு வான் வந்த பிறகு கண்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இன்னொன்று: இந்த வடிவத்தில் முன்னே இருப்பவர்களின் முழங்காலுக்கும் எதிரே வரும் வாகனத்துக்கும் நடுவில் தகடும் கண்ணாடியும்தான். 2019 ஹையேஸ் எஞ்சினை முன்னே தள்ளி மூக்கு வைத்துக்கொண்டதற்கு இதுவும் காரணம். அது அவுஸ்திரேலியப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பழைய கேடிஎச்சில் போகும்போது இரவு ஓட்டத்தைத் தவிருங்கள். நாங்கள் முதல் ஐந்து நாளும் மாலை ஆறரைக்குமுன் தங்குமிடத்தில் இருந்தோம்.

எரிபொருள்: மொத்தம் 1,430 கிலோமீற்றர், 142 லீற்றர் டீசல். நாள் முழுக்க இரண்டு ஏசியும் ஓட, லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்பது பதினொரு பேருக்கு நல்ல கணக்கு. தாங்கியில் 70 லீற்றர் கொள்ளும். கொழும்பில் நிரப்பியது யாழ்ப்பாணம் தாண்டியும் போதுமாக இருந்தது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு நின்ற நாட்களில் வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் இந்த ஒரு சுற்றுக்கு ஏழு வாரத்துக்கு மேல் சேர்த்திருக்கவேண்டும்.

வாடகை பேசும்போது ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் அடக்கம், மேலதிகத்துக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாரதிக்கு ஒழுங்கான படுக்கை கிடைக்காவிட்டால் அடுத்த நாள் அதன் விலையை எல்லோரும் கொடுக்கவேண்டி வரும். ஆறு பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் குறுகிய உடல் சூப்பர் ஜிஎல் போதும், 1.7 மீற்றர் அகலத்தோடு கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் அது சுலபமாக நுழையும். வாங்க நினைக்கிறவர்கள், 2020இலிருந்து 2025 வரை இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே ஓடுபவை பல கைமாறியவை என்பதை மனதில் வைத்து, இன்ஜெக்டர்களையும் டர்போவையும் நம்பிக்கையான ஒரு கராஜில் காட்டிய பிறகே காசைக் கொடுங்கள். இரண்டு தாய்மாரோடு பத்துப் பேரும் ஒன்றாகப் போகவேண்டும் என்றால் நான் மறுபடியும் இதே ஹைரூஃபைத்தான் எடுப்பேன். கார்னிவலில் எட்டுப் பேரும் சுகமாகப் போனோம், ஆனால் அம்மாவும் அன்ரியும் வீட்டில் இருந்தார்கள்.

ஆறாம் நாள் இரவு ஏழுமணிக்குக் கொட்டாஞ்சேனை. அன்று மட்டும் அரை மணி நேரம் பிந்திவிட்டோம். அறுகம்பே மணல் கதவின் இழுவைத் தண்டவாளத்தில் சிக்கி, கதவு கரகரத்துக்கொண்டு திறந்தது. சாரதி அண்ணன் இறங்கி ஸ்டூலைக் கீழே வைத்தார். அன்ரி யாரையும் பிடிக்காமல், கைப்பிடியை மட்டும் பற்றிக்கொண்டு, ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து இறங்கினார். ஸ்டூலை எடுத்துப் பெட்டிகளோடு சேர்க்கப் போனேன்.

“அம்மா, அத வானுலயே வச்சுட்டுப் போறீங்களா? அடுத்த ஹயர்லயும் வயசானவங்க வருவாங்க” என்றார் சாரதி அண்ணன்.

துடைத்து, கதவுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்தேன்.